எட்டு வரிசை

என் அக்காவைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் அவள் ஷீட் விரிக்கிற அழகைத்தான் சொல்வார்கள். முலாம்பழப் பாத்திமேல் விரிக்கிற கருப்பு பிளாஸ்டிக் ஷீட். களை முளைக்காமல், ஈரம் காயாமல், பழம் மண்ணில் படாமல் இருக்க அதை விரித்து, இரண்டு ஓரத்தையும் மண்ணில் புதைத்து, ஓட்டை போட்டு நாற்று நடுவோம். எல்லாரும்தான் விரிக்கிறார்கள். அக்கா விரித்தால் ஒரு சுருக்கம் இருக்காது. குதிகாலால் ஓரத்தை மிதித்துக்கொண்டு, மொத்த உடம்பையும் பின்னால் சாய்த்து இழுப்பாள். விரலால் சுண்டினால் டங்கென்று சத்தம் வரும். அக்கம்பக்கத்து வயல்காரர்கள் வேலை மெனக்கெட்டு வந்து சுண்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். அத்தான் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஷீட் இழுக்க வந்துவிட்டாளே என்று பேசினவர்களும் அவர்கள்தான். நாற்று வளர்ந்து நின்றது, வந்தாள். வேறென்ன செய்வாள்?

நிலம் அவளுடையது இல்லை. ஒன்றரை ஏக்கர், முப்பது வரிசை, பதினோரு வருடக் குத்தகை. நிலத்துக்காரர் ஓய்வு பெற்ற தபால்காரர். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஒரு பையை எடுத்துக்கொண்டு வயலில் நடப்பார். அறுவடை முடிந்ததும் அக்கா ஷீட்டை உருவி எடுத்துவிடுவாள்தான். ஆனால் மண்ணில் புதைந்த ஓரம் கிழிந்து உள்ளேயே தங்கிவிடும். மழை பெய்தால் அது மேலே வரும். அதையெல்லாம் பொறுக்கிப் பையில் போட்டு, அக்கா வீட்டு வாசலில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் சைக்கிளில் ஏறிப் போய்விடுவார். "ரிடையர் ஆகியும் டெலிவரியை விடமாட்டேங்கிறாரு" என்று என் வீட்டுக்காரர் சிரிப்பார். அக்கா சிரிக்க மாட்டாள். பையைப் பார்த்த அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

போன வருடம் அவர் முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"இதோ பாரும்மா, இனிமே என் மண்ணுல ஒரு துண்டு பிளாஸ்டிக் கிடைச்சாலும் குத்தகை கிடையாது."

அதனால்தான் மக்கும் ஷீட் வாங்கப் போனோம். பார்க்க அதே கருப்பு. அறுவடை முடிந்ததும் உருவ வேண்டாம், மண்ணோடு சேர்த்து உழுதுவிடலாம், தானே மக்கிப் போகும் என்றார் கடைக்காரர். கடைசியாக ஒன்று சொன்னார்.

"இழுக்காதீங்கம்மா. சும்மா படுக்கப் போடுங்க, கொஞ்சம் தொய்வாவே இருக்கட்டும். இது பிளாஸ்டிக் மாதிரி தாங்காது."

வழியெல்லாம் அக்கா அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "எனக்கே ஷீட் போடச் சொல்லித் தராரு பாரு." நானும் சேர்ந்துதான் சிரித்தேன். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்புக்காகவே என்னை நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

முதல் நாள் மேற்கே எட்டு வரிசை போட்டாள். எப்போதும் இழுக்கிற மாதிரியே இழுத்தாள். சாயங்காலம் மணிக்கட்டு வீங்கிவிட்டது. மிச்சம் இருபத்திரண்டு வரிசையும் என் தலையில் விழுந்தது. நான் போட்டதைப் பார்த்துவிட்டு, "படுத்து எழுந்த பாய் மாதிரி இருக்குடி" என்றாள்.

நான்காவது வாரம் அவளுடைய எட்டு வரிசையும் கிழிந்தது. ஓட்டைக்கு ஓட்டை நேராகப் பிளந்து, பிளவு வழியே கோரை தலை நீட்டியது. என்னுடைய இருபத்திரண்டும் சுருக்கத்தோடு அப்படியே கிடந்தன. என் சோம்பேறித்தனம் ஜெயித்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். அதைச் சொல்லிக்காட்டக்கூட எனக்கு மனசு வரவில்லை. அக்கா வரிசை முனையில் உட்கார்ந்து, கிழிந்த துண்டு ஒன்றை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர் சொன்னது சரி என்று அவள் சொல்லவில்லை.

"பழைய ஷீட் மோட்டார் ரூம்ல இருக்குல்ல?" என்றாள்.

"அக்கா, வேணாம். தபால்காரர் என்ன சொன்னார்னு ஞாபகம் இருக்கா?"

"பிஞ்சு ஈர மண்ணுல உக்காந்தா அழுகிடும்டி. எட்டு வரிசையும் கண்ணு முன்னாடி போயிடும். இப்போதைக்கு மேல போட்டுக்குவோம். அறுவடை முடிஞ்சதும் நானே உருவிடறேன், ஒரு துண்டு விடாம. யார்கிட்டயும் மூச்சு விடாதே. உன் வீட்டுக்காரர்கிட்டயும்தான்."

என் வீட்டுக்காரர் டிராக்டர் ஓட்டுகிறவர். ஒரு நாளைக்கு நாலு வயலுக்குப் போவார். ஒரு வயல் சேதியை அடுத்த வயலில் இறக்காமல் அவரால் வண்டியைத் திருப்ப முடியாது. அதனால் சரி என்றேன். கொடியைத் தூக்கித் தூக்கி, பழைய பிளாஸ்டிக்கைப் பட்டையாக வெட்டி அடியில் செருகினோம். இரண்டு நாள் ஆனது. வரப்பிலிருந்து பார்த்தால் முப்பது வரிசையும் ஒரே கருப்பு.

அந்த வருடம் காய்ப்பு குறையில்லை. ஆனால் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டாலே அக்கா போட்டது போட்டபடி மேற்குப் பக்கம் போய் நின்றுகொள்வாள். அந்த எட்டு வரிசைப் பழத்தில் ஒன்றைக்கூட அவள் வாயில் வைக்கவில்லை.

அறுவடை முடிந்தது. சொட்டுநீர்க் குழாயையெல்லாம் சுருட்டி மோட்டார் ரூமில் போட்டோம். மறுநாள் எட்டு வரிசையையும் உருவுவதாக இருந்தது. விடிந்தபோது அக்காவுக்குக் கடுமையான காய்ச்சல். உழவுக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறதே என்று நான் பழம் பேக்கிங் பண்ணுகிற என் வேலைக்குப் போய்விட்டேன்.

மறுநாள் மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தால், என் வீட்டுக்காரர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"உங்க அக்கா வயலை உழுது முடிச்சுட்டேன். மழை வர்ற மாதிரி இருந்துச்சு, எனக்கும் ஒரு மணி நேரம் சும்மா கிடைச்சுது. அவங்களும் பாவம் காய்ச்சல்ல கிடக்காங்க."

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். "முழுசாவா?"

"பின்னே? ஷீட்டோட உழுதுடலாம்னு வருஷம் பூரா நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஈரக்கையைத் துடைக்காமலே உட்கார்ந்துவிட்டார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். அவர் கத்தவில்லை.

அக்கா காய்ச்சலோடு எழுந்து வந்தாள். டிராக்டர் பின்னால் சுழலும் ரோட்டவேட்டர் எட்டு வரிசையையும் விரல் அளவுத் துண்டுகளாக அடித்து மண்ணுக்குள் கலந்திருந்தது. மேலே தெரிவதில் எது மக்குவது, எது மக்காதது என்று கண்ணால் சொல்ல முடியாது. ஒவ்வொன்றாக எடுத்து இழுத்துப் பார்க்க வேண்டும். மக்கும் ஷீட் பட்டென்று அறுந்துவிடும், பிளாஸ்டிக் நீளும். மூன்று பேரும் நாலு நாள் மண்டி போட்டு இழுத்தோம். ஒரு சாக்கு நிறைந்தது. மண்ணைக் கிளறினால் இன்னும் இருந்தது.

ஐந்தாம் நாள் தபால்காரர் வந்தார். கிழக்கு வரப்பில் இறங்கி, என் வரிசை இருந்த இடத்தில் குனிந்து ஒரு துண்டை எடுத்தார். இழுத்தார். அறுந்தது. இன்னொன்று எடுத்தார். அதுவும் அறுந்தது. பதினோரு வருடத்தில் அன்றைக்குத்தான் அவருடைய பல் வரிசையைப் பார்த்தோம்.

"பரவாயில்லையே. நாளைக்குக் காலையில வீட்டுக்கு வாம்மா. அஞ்சு வருஷத்துக்குச் சேர்த்தே எழுதிடலாம்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அக்கா முந்தானையில் முடிந்து வைத்திருந்த துண்டுகளைக் கையால் பொத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள்.

மறுநாள் காலையில் சாக்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். அவருக்குக் கடைசிப் பழங்களை எடுத்துக்கொண்டு போகிறாள் என்று நினைத்து நானும் கூடவே போனேன். அவர் வீட்டு வாசற்படியில் அதை இறக்கி வைத்தாள். அவர் அக்கா வாசலில் வைப்பாரே, அதே மாதிரி, சத்தமில்லாமல். அவர் பேனாவும் பத்திரமுமாக வெளியே வந்தார். சாக்கைப் பிரித்துப் பார்த்தார். ஒரு துண்டை எடுத்து இழுத்தார். அது நீண்டுகொண்டே போனது.

"எத்தனை வரிசை?"

"எட்டு சார்."

"உழுதாச்சா?"

"உழுதாச்சு."

அந்தத் துண்டைத் திரும்பச் சாக்கிலேயே போட்டார். "ஒரு துண்டுன்னு சொன்னேன்" என்றார்.

"சொன்னீங்க சார்."

பத்திரத்தை நாலாக மடித்துக்கொண்டு உள்ளே போனார். கதவைச் சாத்தினார்.

தெருவில் வைத்தே நான் பொரிந்து தள்ளினேன். "அவருக்குத்தான் தெரியலையேக்கா. எவளாவது தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்குவாளா? பதினோரு வருஷம்."

"மழை பெஞ்சா தெரிஞ்சிடும்டி. பையைத் தூக்கிட்டு நம்ம வாசலுக்கு வருவாரு. நேத்து சிரிச்சாரே, அந்த முகத்தோட அவரை நான் எப்படிப் பார்ப்பேன்?" என்றாள். அப்போதுதான் அழுதாள். அத்தானுக்குக்கூட அவள் தெருவில் அழுததில்லை.

மோட்டார் ரூம் சாவியை மாதக் கடைசியில் கொடுத்துவிட்டோம். அக்கா இப்போது என்னோடு பேக்கிங்கில் இருக்கிறாள். முதலில் பெட்டிக்கு டேப் ஒட்டினாலும் அதே இழுப்புதான், அட்டை வளைந்துவிடும். இழுக்காதீங்க என்று சூப்பர்வைசர் இரண்டு முறை சொன்னார். மூன்றாவது முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

முதல் மழை பெய்த மறுநாள் காலை அவள் வீட்டில் இல்லை. எங்கே போயிருப்பாள் என்று எனக்குத் தெரியும். திட்டி இழுத்துக்கொண்டு வரலாம் என்று போனேன். கையில் பையோடு வேலிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். உள்ளே மேற்கு ஓரத்தில் தபால்காரர் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார். நடந்து வந்து கேட்டின் கொக்கியை எடுத்துவிட்டார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. திரும்பிப் போய் விட்ட இடத்தில் குனிந்துகொண்டார்.

அந்த மனிதர்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. ஆனாலும் அக்கா உள்ளே போனதும் நானும் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனேன். மேற்கிலிருந்து முதல் வரிசையில் மண்டி போட்டு, கையில் பட்ட முதல் துண்டை எடுத்து இழுத்தேன். நீண்டது.