சுவரில் மாட்டிய வேன் படம்

என் மகள் கயலுக்குப் பத்து வயது. ஆட்டிசம் உண்டு, பேச்சு வரவில்லை. உத்தமபாளையத்தில் இவளைப் போன்ற பிள்ளைகளுக்கான பகல்நேர மையத்துக்கு வேனில் போய்வருகிறாள். டீச்சர் சொன்னபடி, போகும் நாளில் சுவரில் வேன் படத்தையும் விடுமுறையில் வீட்டுப் படத்தையும் மாட்டுவேன்.

அன்று விடுமுறை. படத்தை மாற்ற மறந்து, மேகமலைப் பக்கமிருந்து இறங்கிய பனியில் சுகமாகத் தூங்கிப்போனேன். விழித்தபோது கதவு திறந்திருந்தது, கயலைக் காணோம். தெருமுனையில் வாய்க்கால். பனிக்குள் ஓடிப்போய்ப் பார்த்தேன். தண்ணீர் மட்டும் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

"பதறாதீகக்கா, கயலு இங்கனதான் நிக்கிறா!"

எங்கள் வீட்டுக்கு அடுத்து வேன் நிற்கும் வீட்டிலிருந்து, அதே மையத்துக்குப் போகும் ஆயிஷாவின் அம்மா கூப்பிட்டார். வாசலில் கயல் பையோடு நின்றாள். ஒரு கை ஆயிஷாவின் சக்கர நாற்காலியைப் பிடித்திருந்தது.

"லீவுன்னு சொன்னாலும் எங்க ஆயிஷா உள்ள வர மாட்டேங்கிறா. கயலு வருவான்னு ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தா," என்றார். வராத வேனுக்காக, பனியில் கனவுபோல் இருவரும் காத்திருந்தார்கள்.

இப்போது முந்தின நாள் மாலையே படத்தை மாற்றிவிடுகிறேன். கதவுக்கு மேல்தாழ்ப்பாளும் போட்டாயிற்று. ஆனால் விடுமுறைக்கு மாட்டுவது வீட்டுப் படத்தை அல்ல, ஆயிஷாவின் போட்டோவை. அதைப் பார்த்ததும் கயல் என் செருப்பை எடுத்துவந்து காலடியில் வைக்கிறாள்.