ஓம், இல்லை என்று இரண்டு பட்டன்கள்

பக்கவாதம் வந்ததில் அப்பாவின் பேச்சு நின்றுபோனது. வலது கையும் விழுந்துவிட்டது. சொல்வதெல்லாம் விளங்கும், இடது கை நன்றாக இயங்கும். தலையாட்டலை மட்டும் நம்ப முடியாது, அது தன்பாட்டில் ஆடும். கொழும்பில், வெள்ளவத்தை ஃபிளாட்டில் நானும் அவரும்தான். கொட்டாஞ்சேனையில் இருக்கும் தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து ஒரே பல்லவியைப் பாடுவான்.

"அப்பாவை என்னட்ட விடன் அக்கா. அவருக்கு இஞ்ச இருக்க விருப்பமோ எண்டு ஆருக்குத் தெரியும்?"

என்னிடமிருந்து அப்பாவைப் பிரிக்கப் பார்க்கிறான் என்றே நினைத்தேன். அவரும் போய்விட்டால் அந்த வீட்டில் நான் சுவரோடுதான் கதைக்க வேண்டும். சரி, அப்பாவே சொல்லட்டும் என்று முடிவெடுத்தேன்.

கம்பெனியில் ப்ரோக்ராம் எழுதுவதுதான் என் வேலை. ஆனால் வயரும் போர்ட்டும் தொட்டது கம்பஸில் படித்த காலத்தோடு சரி. புறக்கோட்டைக் கடையொன்றில் ஒரு டச் ஸ்கிரீன் வாங்கினேன். அதன் முதுகில் ஒரு சிப் இருக்கிறது. இங்கே ஒரு பட்டன் வரை என்றால் அதுவே வரையும், விரல் பட்டதும் எந்தப் பட்டன் என்று அதுவே இலக்கம் சொல்லும். "ஒரிஜினல் மிஸ், ஒரிஜினல்" என்று கடைக்காரர் இரண்டு தரம் சொன்னார். ஒரு தரம் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

நான்கு நாள் ஸ்கிரீன் கறுப்பாகவே கிடந்தது. கடைக்காரரை மனதுக்குள் திட்டாத திட்டில்லை. ஐந்தாம் நாள் பார்த்தால், இரண்டு வயரை நானே இடம் மாற்றிக் கொடுத்திருக்கிறேன். சனியன்!

விரல் படும் இடத்தை ஸ்கிரீன் அறிந்துகொள்ள முதலில் மூன்று புள்ளிகளை வரிசையாக அமத்த வேண்டும். அதை அப்பாவைக்கொண்டே செய்வித்தேன். மூன்றாவது புள்ளியை அமத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அந்த ஞாயிறு தம்பி வந்ததும், சம்மதமென்றால் 'ஓம்', வேண்டாமென்றால் 'இல்லை' என்று இரண்டு பட்டன் போட்ட ஸ்கிரீனை அப்பாவுக்கு முன்னால் வைத்தேன்.

"அப்பா, எங்கட வீட்ட வந்து இருக்கிறீங்களோ?" என்று தம்பி கேட்டான்.

அப்பா விரலை வைத்தார். 'இல்லை' சிவப்பானது. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. தம்பி ஸ்கிரீனை உற்றுப் பார்த்தான்.

"நீதானே அக்கா இதை எழுதினனீ?"

"விசர்க்கதை கதையாத!"

"பாரன், 'இல்லை'யை அவற்ற இடக்கைக்குக் கிட்ட வச்சிருக்கிறாய். 'ஓம்' அந்தத் தொங்கல்ல கிடக்குது."

பார்த்தேன். உண்மைதான். வேண்டுமென்று செய்யவில்லை. செய்யவில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அப்போது வந்த கோபத்தில் லாப்டொப்பைத் திறந்து இரண்டு பட்டனையும் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக, அவர் கைக்கு ஒரே தூரத்தில் வைத்தேன்.

"இந்தா, இப்ப கேள்!"

திரும்பவும் அதையே கேட்டான். அப்பா என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். ஆறுதலாகக் கையைத் தூக்கி வைத்தார். 'ஓம்' பச்சையானது.

 இத்தனை மாதம் குளிப்பாட்டி, சோறு தீத்தி, இரவிரவாய்ப் புரட்டிப் படுக்க வைத்தது நான். வென்றவன் முகம் எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று தம்பியிடம் திரும்பினேன். அது சந்தோஷப்பட்டவன் முகமாக இல்லை. போனை எடுத்தான், பார்க்காமலே வைத்தான்.

"எங்கட வீட்டில படி வேற ஏற வேணும்..." என்று இழுத்தான். பிறகு குரலைத் தணித்து, "அக்கா, இது சரியாத்தான் வேலை செய்யுதோ? ஒருக்கா செக் பண்ணிப் பாரன்" என்றான்.

இவ்வளவு நாளும் நான் சந்தேகப்பட்டது பிழையான விஷயத்தை. அவன் அப்பாவைக் கேட்டதெல்லாம் நான் விடமாட்டேன் என்ற துணிவில்தான். ஸ்கிரீன் சரியாகத்தான் வேலை செய்கிறது என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. லாப்டொப்பை என் பக்கம் இழுத்தேன், பிழை எதையோ தேடுகிறவள் மாதிரி.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அப்பாவின் கை மீண்டும் எழுந்தது. 'இல்லை'யை அழுத்தி, எடுக்காமல் பிடித்துக்கொண்டார். அப்போது யாரும் அவரிடம் எதுவும் கேட்டிருக்கவில்லை.