டிவி மேல் ஏழு டப்பா

மூன்று நாள் மழையில் எங்கள் ஆவடி குவார்ட்டர்ஸில் எல்லார் வீட்டு டீத்தூளும் கட்டி தட்டிவிட்டது, என்னுடையதைத் தவிர.

"அப்படி இன்னா பண்றே நீ?" என்று நேற்று கேட்டார் பக்கத்து வீட்டு செல்வியக்கா.

"படம் ஓடறப்ப டப்பாவை டிவி மேல வெச்சுடுவேன்க்கா. அந்தச் சூட்டுக்கு ஈரம் அண்டாது."

சொல்லியிருக்கக் கூடாது. இன்று ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கு வந்த ஆறு பேரும் ஆளுக்கொரு டப்பாவோடு வந்தார்கள்.

ஷிப்ட் முடிந்து வந்த என் வீட்டுக்காரர், "இது இன்னா, மளிகைக் கடையா?" என்று சிரித்தார்.

கிளைமாக்ஸில் கரண்ட் போனது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"படம் போனா போவுது, அடுப்பைப் பத்த வை! எல்லா டப்பாலேர்ந்தும் ஒரு ஸ்பூன் போடு," என்றார் செல்வியக்கா.

அப்படி ஒரு டீ நான் குடித்ததே இல்லை.

மழை விடுவதாக இல்லை. டிவி மேல் இன்னும் ஒரு டப்பாவுக்கு இடம் இருக்கிறது, யாருக்கு வேண்டும்?