ரேங்க் கேட்காத சனிக்கிழமை

தாத்தாவுக்கு என்னிடம் கேட்க ஒரே கேள்விதான் இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில், மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை, கருங்குழியில் கிளம்பி, செங்கல்பட்டில் பஸ் மாறி, எங்கள் கடலோரக் குவார்ட்டர்ஸுக்கு வருவார். வேர்க்கடலைப் பையைக் கீழே வைப்பதற்குள் கேட்டுவிடுவார்.

"இன்னாமே, எத்தினியாவது ரேங்க்கு?"

அவருக்கு அது கொஞ்சல். பேத்தியிடம் வேறென்ன பேசுவதென்று அவருக்குத் தெரியாது. பதினேழு என்பேன். "ஓகோ" என்பார், கடலையை உடைத்துக்கொண்டே. அப்பாவின் தாடை மட்டும் அசையும்.

ஐந்து மணி பஸ்ஸுக்குத் தாத்தாவைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, அப்பா கதவைச் சாத்துவார். இடுப்பிலிருந்து பெல்ட்டை உருவுவார்.

"அவரு முன்னால என் மானத்த வாங்கிட்ட இல்ல?"

பெல்ட் முதலில் காற்றைக் கிழிக்கும். அப்புறம் என்னை. வெளியே கடல் கரையை அறைந்துகொண்டிருக்கும். அலையாவது பின்வாங்கும், மூச்சு வாங்கும். அப்பா வாங்கமாட்டார். பக்கத்து வீட்டுக்குக் கேட்காமலிருக்க அம்மா குழாயைத் திறந்துவிடுவாள். வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் இன்றைக்கும் என் முதுகு தானாக வளைகிறது.

தாத்தாவுக்கு இது எதுவும் தெரியாது. அடுத்த மாதம் வந்து அதையே கேட்பார், சிரித்துக்கொண்டே.

ஓர் ஐப்பசிச் சனிக்கிழமை அவர் குடையை மறந்துவிட்டார். பஸ் வரவில்லை, மழை வந்தது. குடையை எடுக்கத் திரும்பி நடந்தவர் கதவைத் தள்ளினார். நான் தரையில் சுருண்டிருந்தேன்.

"டேய்!"

குறுக்கே கையை நீட்டினார். பெல்ட்டின் பக்கிள் அவர் மணிக்கட்டைப் பிளந்தது. வெள்ளை வேட்டியில் சொட்டுச் சொட்டாகச் சிவப்பு. அப்பா அப்போதும் அடங்கவில்லை.

"இதெல்லாம் ஒரு அடியா நைனா? ரேங்க் கொறஞ்சிச்சின்னு என்னியக் கயித்துல கட்டிக் கெணத்துல தொங்கவுட்டியே, அன்னிக்கு யாரு நடுவுல கைய வுட்டாங்க?"

தாத்தா மணிக்கட்டில் துண்டைச் சுற்றிக்கொண்டார். மழையில் இறங்கிப் போனார். குடையை மறுபடியும் மறந்துவிட்டு.

அடுத்த மாதம் வருவாரா என்று எனக்குச் சந்தேகம். வந்தார். பையைக் கீழே வைத்தார். கேள்விக்காக நான் காத்திருந்தேன். பேப்பருக்குப் பின்னால் அப்பாவும். என் கையில் இருபத்தொன்று என்ற எண், நெருப்புத் துண்டு மாதிரி.

அவர் கேட்கவில்லை. என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். வெகுநேரம் கடலை உடைத்தார். பிறகு சட்டைக் கையைச் சுருட்டி மணிக்கட்டை நீட்டினார். பக்கிளின் அச்சு அப்படியே பதிந்திருந்தது.

"எனுக்கு இங்க கீது. உனுக்கு எங்க?"

அதற்கு முன் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. சொன்னால் ஐந்து மணிக்குப் பெல்ட் இரட்டிப்பாக விழும். சொல்லாவிட்டால் அவர் இனி எதுவும் கேட்கவே மாட்டார் என்று தோன்றியது. பாவாடையை முழங்கால்வரை தூக்கினேன்.

"இங்க. அப்புறம் முதுகுல."

"வலிக்குதா?"

"குளிச்சா எரியும்."

"எனுக்கும் எரியுது கண்ணு." பிறகு பேப்பரைப் பார்த்துத் திரும்பினார். "டேய். உனுக்கு எங்கடா?"

பேப்பர் இறங்கவில்லை. ஓர் அலை வந்து உடைந்தது. இன்னொன்று.

"இடுப்புல," என்றது பேப்பர். "கயிறு இறுக்குன எடம்."

தாத்தா தலை குனிந்துகொண்டார். உடைத்த கடலையில் ஒரு பிடி எனக்கு வைத்தார். ஒரு பிடியை அப்பா பக்கம் நகர்த்தினார்.

ஐந்து மணிக்கு அப்பா அவரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தார். கதவைச் சாத்தினார். பழக்கதோஷத்தில் அம்மா குழாயைத் திறந்துவிட்டாள். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அப்பா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், பெல்ட் இடுப்பிலேயே இருக்க. வாளி நிரம்பி வழிந்து, தண்ணீர் கூடம்வரை வந்து எங்கள் கால்களை நனைத்தது. அதன் பிறகுதான் அம்மா குழாயை மூடினாள்.