வாசல் விளக்குக்கு ஏற்ற ஈயம்

ஜெயபாய் அக்கா எங்கள் கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் பதினெட்டு வருடமாகச் சரக்குப் பத்திரங்கள் தயாரிக்கிறார். கன்டெய்னர் எண்ணில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் போனில் சீரியல் பார்த்தால், அக்கா சர்க்யூட் வரைபடம் பார்ப்பார். இதையெல்லாம் எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். "படிச்சேன்னு யாரு சொன்னா? கெடுத்துக் கெடுத்துப் பாக்கேன், அவ்வளவுதான்" என்றார்.

இந்தக் கிறுக்குக்குக் காரணம் அவர் கணவர் பொன்னுதுரை அண்ணாச்சி. துறைமுகத்தில் நிலக்கரி இறக்கும் இடத்தில், கன்வேயர் இரைச்சலுக்குள் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவர். ஓய்வு பெறுவதற்கு முன்பே காது போய்விட்டது. கேட்கும் கருவியை மாட்டினால் தலைக்குள் வண்டு குடைகிறது என்று கழற்றிவிடுவார். அதோடு, பகலிலும் கதவை உள்ளே தாழ்ப்பாள் போடும் பழக்கம் உண்டு. வேலை முடிந்து மில்லர்புரம் வீட்டுக்கு வரும் அக்கா மணியை அடித்து அடித்து ஓய்ந்து, பக்கத்து வீட்டு மாடியேறி, சமையலறை ஜன்னலுக்குள் டார்ச் அடிப்பார். அதைப் பார்த்த பிறகுதான் அண்ணாச்சி வந்து திறப்பார். மணி ஒலிப்பதற்குப் பதிலாக விளக்கு மின்னினால் என்ன என்று ஒருநாள் அந்த மாடியில் நின்றபடியே அக்கா யோசித்தார்.

வாசலில் பொத்தானை அழுத்தினால் உள்ளே விளக்கு விட்டு விட்டு எரிய வேண்டும். அதற்கான மின்னணுச் சில்லும் அதைப் பொருத்தும் சர்க்யூட் பலகையும் தபாலில் வந்தன. பற்றவைக்கும் ஈயக்கம்பியைத் துறைமுகச் சாலையில் லாரி சாமான் விற்கும் கடையில் வாங்கினார். "ரேடியேட்டரையே பிடிக்கும், இதப் பிடிக்காதா?" என்று கடைக்காரர் தடித்த கம்பியோடு ஒரு டப்பா பேஸ்டும் கொடுத்தார். விளக்கு நன்றாகவே எரிந்தது, ஐந்து வாரம்.

ஆறாவது வாரம் ஐப்பசி மழை. பக்கத்து வீடு பூட்டியிருந்தது. அக்கா முக்கால் மணி நேரம் பொத்தானை அழுத்திக்கொண்டு நனைந்தார். மழை வலுத்ததா என்று பார்க்கக் கதவைத் திறந்த அண்ணாச்சி திகைத்துப்போனார். "ஏளா, நனஞ்சுக்கிட்டு நிக்கியே, பொத்தான அமுக்கக் கூடாதா?"

அக்கா அவர் முன்னாலேயே பொத்தானை அழுத்திக் காட்டினார், உள்ளே விளக்கு எரியவில்லை. வாயால் சொன்னால் அவருக்குக் கேட்காதே.

பலகையை வைத்திருந்த பெட்டியைத் திறந்தால் பற்றவைத்த இடமெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது. "கடக்காத்துல எதுதான் நெலைக்கும்?" என்றார் அண்ணாச்சி. ஜன்னல் கம்பி, பீரோ கால் எல்லாம் துருப்பிடிக்கிற ஊரில் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அதே பெட்டிக்குள் கடையில் வாங்கிய அடாப்டரின் பலகையும் இருந்தது. அதில் ஒரு புள்ளி பச்சை இல்லை. மறுநாள் அக்கா இரண்டையும் பேஸ்ட் டப்பாவோடு என் மேசையில் வைத்தார். "ஒரே காத்து, ஒரே பெட்டி. இது மட்டும் எப்படிப் பளபளன்னு இருக்கு?"

பேஸ்ட் டப்பாவின் பொடி எழுத்தை வாசித்தோம். தகரத்துக்கும் ரேடியேட்டருக்கும் உரிய அமிலப் பேஸ்ட் அது. பலகையில் தங்கி, செம்பை மெல்ல மெல்லத் தின்றிருக்கிறது.

அடுத்த தெரு ஜெஸ்டின் கப்பலில் எலக்ட்ரீஷியன். விடுப்பில் வந்திருந்தவன் சிங்கப்பூரில் வாங்கிய ஒரு சுருளைப் பாசத்தோடு கொடுத்தான். "ஈயமே கெடையாதுக்கா. ஒடம்புக்குக் கெடுதல் இல்ல." ஆனால் அது உருக அதிகச் சூடு வேண்டும். அக்காவின் பற்றவைக்கும் அயர்ன் இருபத்தைந்து வாட்தான். உருகாமல் இழுத்தது, அக்கா விடாமல் அழுத்திப் பிடித்ததில் பலகையிலிருந்த செம்புக்கோடே பெயர்ந்து வந்தது. ஜெஸ்டின் முகம் சுருங்கியது.

"ஒன் சரக்கக் கொற சொல்லல தம்பி. ஒங்க கப்பல்ல இருக்க மெஷின் எங்கிட்ட இல்ல. பெரிய அயர்ன் வாங்குத அன்னைக்கு இதத்தான் போடுவேன்" என்று அந்தச் சுருளைப் பத்திரப்படுத்தினார்.

பிறகு அக்கா பத்து நாள் வாசித்தார். கடைசியில் வரவழைத்தது அறுபத்து மூன்று பங்கு வெள்ளீயமும் முப்பத்தேழு பங்கு காரீயமும் கலந்த கம்பி. ஒரு மில்லிமீட்டரைவிட மெலிசு. நடுவில் ரோசின் என்கிற மரப்பிசின் ஓடுவதால் தனியாகப் பேஸ்ட் வேண்டாம். குறைந்த சூட்டில் உருகி, சட்டென்று இறுகிவிடும். காரீயம் இருப்பதால், வேலையைச் சாப்பாட்டு மேசையிலிருந்து ஜன்னலோரத்துக்கு மாற்றினார். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் தண்ணீர்ச் செம்பைக்கூடத் தொடுவதில்லை.

புதுப் பலகையைக் குறட்டால் பிடித்துக்கொள்ள அண்ணாச்சி முன்வந்தார். நிலக்கரியில் முரடான கை, ஆனாலும் பலகை துளியும் அசையவில்லை. அக்கா கண்ணைக் காட்டினால் திருப்புவார், புருவம் உயர்த்தினால் நிறுத்துவார். முதல் பொட்டு உருகிப் பரவி வெள்ளியாய் மின்னியபோது, "இதுல்லா பத்துது" என்றார் அண்ணாச்சி.

பெட்டியை மாட்டிய மறுநாள் மாலை அக்காவோடு நானும் போனேன். பொத்தானைத் தொட்டதுமே உள்ளே தடதடவென்று காலடி. கதவைத் திறந்து அக்காவைப் பார்த்த அண்ணாச்சி வழிவிடவில்லை.

"இரு. இன்னொருக்க அமுக்கு, பாப்போம்" என்று கதவை மறுபடி சாத்திக்கொண்டார்.

அக்கா தோளில் பையோடு, சிரித்தபடியே இன்னும் மூன்று முறை அழுத்தினார்.