சவுக்கு மரமும் பனிமனிதன் மூக்கும்

பிள்ளைகளே, போன டிசம்பரில் நடந்ததை நீங்கள் இரண்டு பேரும் மறந்திருக்கலாம். மறந்திருந்தால் நல்லது. எனக்கு மறக்கவில்லை. இப்போதும் தறி ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று நினைவு வந்து பல்லைக் கடித்துக்கொள்கிறேன். யார்மேல் கோபம் என்று கேட்டால் ஒரே பதிலாகச் சொல்லத் தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். பத்தாவது வரை படித்தவன் எழுதுவது, பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நம் சபையில் கிறிஸ்துமஸ் வினாடி வினா என்று ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அறிவித்தார்கள். ஒரு குடும்பத்துக்கு ஓர் அணி. அப்பா அல்லது அம்மா, கூட இரண்டு பிள்ளைகள். பாட்டு, சினிமா, வழக்கங்கள் என்று மூன்று சுற்று. கடைசியில் பெற்றோர் சுற்று, அதில் பெரியவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும், பிள்ளைகள் வாயைத் திறக்கக் கூடாது. ஜெயிக்கிற வீட்டுப் பிள்ளை அந்த வருஷம் வீடு வீடாகப் போகிற பாட்டுப் பவனியில் நட்சத்திரக் கம்பைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நடக்கலாம்.

மூத்தவளே, அன்றைக்கு வீட்டுக்கு வருகிற வழியிலேயே நீ சொல்லிவிட்டாய்.

"எப்பா, இந்தத் தடவ ஸ்டாரு நாந்தான் பிடிப்பேன். மூணு வருசமா நடுவுல நசுங்கிட்டே வாரேன்."

"பிடிக்கலாம்ட்டி. அப்பா இருக்கம்லா."

அந்த ஒரு சொல்லைத்தான் நான் சொல்லியிருக்கக் கூடாது.

அன்று முதல் நூல் கோன் வருகிற பெட்டிகளின் அட்டையைக் கிழித்து, தறிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே கேள்வி எழுதினேன். பிள்ளையை எதில் சுற்றிக் கிடத்தினார்கள்? மேய்ப்பருக்கு யார் சொன்னது? நட்சத்திரத்தைப் பார்த்துப் பிள்ளையைத் தேடிக் கிழக்கிலிருந்து எத்தனை சாஸ்திரிகள் வந்தார்கள்? இந்தக் கடைசிக் கேள்வியில் எனக்குத் தனிப் பெருமை. எல்லோரும் மூன்று என்பார்கள். வேதத்தில் எண்ணிக்கையே இல்லை. சாப்பிடும்போதும் தலை பின்னும்போதும் உங்களை விடாமல் கேட்டேன்.

மூத்தவள் மட்டும் அம்மாவின் போனை வைத்துக்கொண்டு வேறு கேள்விகளைத் தேடினாள். அம்மா குழம்புக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எப்பா, பனிமனுசனுக்கு மூக்கு என்ன தெரியுமா?" என்று கேட்டு, பதிலையும் சொல்லிச் சிரித்தாள். அம்மாவும் அருவாமனையில் நறுக்குவதை நிறுத்தி, கையில் இருந்த காயைப் பார்த்துச் சிரித்தாள்.

"போன வைட்டி முதல்ல. சங்கரன்கோவில்ல ஐப்பசியிலயே வேர்த்து ஊத்துது. இங்கன எதுக்குப் பனிமனுசன்? இதெல்லாம் வேதத்துல இருக்கா?"

"வினாடி வினாவுல வரும்பா."

"வராது. அப்பா சொல்லுதேன்."

போனை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

சபையில் கிறிஸ்துமஸ் மரம் வைப்பதும் வருஷா வருஷம் என் பொறுப்பு. கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் எனக்குத் தெரிந்தவர் தோட்டத்து வரப்பில் சவுக்கு நிற்கிறது. ஒரு நல்ல கிளையாகப் பார்த்து வெட்டி, தறிக் கழிவு நூலில் முறுக்கிய கயிற்றால் வண்டியில் கட்டிக் கொண்டுவருவேன். இளையவள் பின்னால் உட்கார்ந்து நுனியைப் பிடித்துக்கொள்வாள். வழியெல்லாம் என் பிடரியில் குத்தும். அந்த வருஷமும் கொண்டுவந்து, மணல் வாளியில் நட்டு, மேடையில் வைத்தேன். பஞ்சும் ஜிகினாவும் சுற்றியதும் மரம் நன்றாகத்தான் இருந்தது.

வினாடி வினாவை நடத்தியது பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற நம் சபைத் தம்பி. நல்ல பையன், எதையும் கெட்ட எண்ணத்தில் செய்கிறவன் இல்லை. ஆனால் அவன் கையில் இருந்த தாள் என் அட்டைகளைப் போல இல்லை. சினிமாச் சுற்றில் எல்லாம் பனி கொட்டுகிற ஊர்ப் படங்கள். மேய்ப்பரைக் காணோம், சாஸ்திரிகளைக் காணோம். மூத்தவள் சிநேகிதி வீட்டில் பார்த்த இரண்டு படங்களை வைத்துச் சமாளித்தாள். வழக்கங்கள் சுற்றில் ஒரே ஒரு கேள்வி என் அட்டையிலிருந்து எடுத்ததுபோல வந்தது. "சாஸ்திரிகள் எத்தனை பேர்?" இளையவள் எழுந்து, "வேதத்துல எண்ணிக்க சொல்லல" என்றாள். தம்பி தாளைப் பார்த்தான், போதகரைப் பார்த்தான். போதகர் தலையை ஆட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன்.

அந்த மதிப்பெண்ணோடு நாமும் வாத்தியார் வீட்டுக்காரர்களும் சமம். பெற்றோர் சுற்று. ஆளுக்கு ஒரு கேள்வி. வாத்தியார் தன் கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லிவிட்டார். என் முறை.

"அண்ணாச்சி, கிறிஸ்துமஸ் மரமா வழக்கமா எந்த மரத்த வப்பாங்க?"

எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "சவுக்கு" என்றேன்.

தம்பி மணியை அடித்தான். "தப்பு அண்ணாச்சி. பைன் இல்லன்னா ஃபிர் மரம்."

"தம்பி, உனக்குப் பின்னால நிக்கது என்ன மரம்?"

அவன் திரும்பிப் பார்த்தான். சபையே சிரித்தது. "சவுக்குதான் அண்ணாச்சி. ஆனா ஆன்சர் ஷீட்ல..."

"ஆன்சர் ஷீட்ட யாரு எழுதுனா?"

"நெட்ல எடுத்தது."

"அந்த நெட்டுக்காரனக் கூட்டிட்டு வா. என் பிடரியக் காட்டுதேன். குத்துன தடம் இன்னும் இருக்கு."

சிரிப்பு கூடியது. என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்களா, என்னோடு சிரிக்கிறார்களா என்று தெரியவில்லை. பின் பெஞ்சிலிருந்து ஒருவர், "அண்ணாச்சிக்கு மரத்துக்கே ஒரு மார்க்கு குடுங்கப்பா" என்றார். மூத்தவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"எப்பா, உக்காருங்க. எல்லாரும் பாக்காவ."

நான் உட்காரவில்லை. நம் ஊர் வழக்கம் வழக்கம் இல்லையா, பார்க்காத பனியைப் பற்றிப் பிள்ளைகளிடம் எதற்குக் கேட்கிறீர்கள் என்று என்னென்னவோ பேசினேன். கடைசியில் போதகர் எழுந்தார்.

"அவர் சொல்லுததுலயும் நியாயம் இருக்கு. இந்தக் கேள்விய விட்டுருவோம். அவருக்கு வேற ஒண்ணு கேளுங்க."

வாத்தியாரும் சரி என்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. தம்பி தாளில் அடுத்த வரிக்குப் போனான்.

"பனிமனிதனுக்கு மூக்கா எத வப்பாங்க?"

அம்மாவின் அருவாமனை கண்ணில் தெரிந்தது. மூத்தவளின் சிரிப்பு காதில் கேட்டது. அலமாரிச் சாவியைத் திருப்பிய என் கைகூட ஞாபகத்தில் இருந்தது. பதில் மட்டும் இல்லை. அவள் சொன்னபோது நான் அதைக் காதில் வாங்கவே இல்லை. ஏதோ காய். என்ன காய்?

பக்கத்தில் மூத்தவள் உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தெரியும். எனக்குச் சொல்லித்தரவும் செய்தாள். இப்போது சொல்ல முடியாது. என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள்.

"தெரியல தம்பி" என்றேன்.

சவுக்குக்காக எவ்வளவு சத்தம் போட்டேனோ, அந்த அளவுக்கு இந்தச் சொல் மெதுவாக வந்தது.

பவனியில் நட்சத்திரத்தை வாத்தியாரின் மகன் பிடித்தான். மூத்தவளே, நீ அந்த வருஷமும் நடுவில்தான் நடந்தாய். நான் ஏதாவது சொல்லித் தேற்றலாம் என்று பக்கத்தில் வந்தேன். "நீங்க சொன்னது சரிதாம்பா, சவுக்குதான்" என்றாய். கொஞ்ச தூரம் போய், "ஆனா மூக்க நான் சொன்னம்லா" என்றாய். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

இன்னும் எனக்கு அந்தத் தாள்மேல் கோபம் உண்டு. நம் கண்முன் நிற்கிற மரத்தைத் தப்பு என்று சொல்கிற தாள் என்ன தாள்? ஆனால் முழுசாகக் கோபப்பட முடியவில்லை. நடுவில் அந்த அலமாரி வந்து நின்றுகொள்கிறது.

பண்டிகை முடிந்து வேலைக்குப் போன முதல் நாள், எல்லோரும் டீக்குப் போனபோது நான் போகவில்லை. தறியை நிறுத்திவிட்டு, என் போனை எடுத்து, ஒரு விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டிக் கிறிஸ்துமஸ் கேள்விகளைத் தேடினேன். புது அட்டை ஒன்றைக் கிழித்தேன். பனிமனிதன் மூக்கு, கேரட் என்று முதலில் எழுதினேன். அதற்குக் கீழே ஒவ்வொன்றாக இருபது கேள்விகள் எழுதினேன். மரம் வந்தது. பைன் என்று எழுதிவிட்டு, பக்கத்தில் கொஞ்சம் அழுத்தி, சவுக்கு என்றும் எழுதினேன்.