எழுபத்து நான்காம் நாள்

சிவகாசியில் அப்பா வேலை பார்த்த பிரஸ்ஸில் மை சரியாக விழாத தாள்களை வேஸ்ட் என்று ஒதுக்குவார்கள். அவற்றைக் கொண்டுவந்து என் நோட்டுகளுக்கு அட்டை போட்டுத் தருவார். நான்காம் வகுப்பில் என் கணக்கு நோட்டின் மேல், ‘குடியை நிறுத்த முடியவில்லையா?’ என்று சிவப்பு எழுத்தில் இருந்தது. கீழே விருதுநகரில் ஒரு பள்ளிக்கூடத்தின் முகவரி, ஞாயிறு மாலை நான்கு மணி, கட்டணம் இல்லை. அப்பாவே மெஷினில் ஓட்டிய நோட்டீஸ்தான். ஓட்டியவர் அதைப் படிக்கவில்லை. எனக்கு வாய்ப்பாடு கேட்க நோட்டை எடுத்த அம்மா படித்தாள்.

அடுத்த ஞாயிறு அப்பாவோடு என்னையும் சேர்த்துக் கிளப்பிவிட்டாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து அந்தப் பள்ளிக்கூடம் போவதற்குள் இரண்டு ஒயின் ஷாப்புகள். “புள்ளையக் கையில புடிச்சுக்கிட்டு எப்படி உள்ள போறீகன்னு பாப்போம்” என்றாள் அம்மா.

வளர்ந்த ஆண்கள் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். நான் கடைசி பெஞ்சில் வீட்டுப்பாடம் எழுதுவேன். ஒவ்வொருவராக எழுந்து பெயரைச் சொல்லி, குடிக்காமல் எத்தனை நாள் ஆயிற்று என்று சொல்லிவிட்டுத்தான் பேச வேண்டும். முடியும்போது, இங்கே கேட்டதை வெளியே சொல்வதில்லை என்று எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள். நானும் சொல்வேன், பள்ளி உறுதிமொழி போல, சத்தமாக.

பஸ்ஸில் போகும்போது அப்பா கேட்பார், “இன்னைக்கு எத்தன நாளு தாயி?” வீட்டுக் காலண்டரில் எண்ணி வைத்திருப்பேன். பதினொன்று, இருபத்து ஐந்து, அறுபத்து ஏழு. அவருக்குத் தெரியாததல்ல. என் வாயால் கேட்கப் பிடித்திருந்தது.

எங்கள் ஊர்ப் பெண்களைப் பட்டாசுக் கம்பெனிக்கு ஏற்றிப்போகும் வேன் டிரைவரும் அங்கே வருவார். ஒரு ஞாயிறு அவர் அழுதார். முந்தின ராத்திரி குடித்தது தெளியாமலே ஒரு காலையில் வேனை எடுத்தாராம். இருபது பெண்களோடு வேன் ஓடைப் பாலத்தின் விளிம்பு வரை போய் நின்றதாம். நாய் குறுக்கே வந்தது என்று சொல்லிச் சமாளித்தாராம். அன்றோடு குடியை விட்டவர்.

பக்கத்து வீட்டுச் சித்தி, அம்மாவின் தங்கை, அந்த வேனில்தான் வேலைக்குப் போய்வந்தாள். அந்த வாரம் அவளுக்குத் தண்ணீர்க் குடம் தூக்கிவிட்டபோது, “ஒங்கப்பன் திருந்துறதா? அன்னைக்கு மழ ஊத்தும்டி” என்றாள். எனக்கு ரோஷம் வந்தது. “வேன் மாமாவே திருந்தலையா?” என்று தொடங்கி, பாலம், நாய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

இரண்டு நாளில் பெண்கள் வேனில் ஏற மறுத்தார்கள். கம்பெனி டிரைவரை நிறுத்திவிட்டது.

அந்த ஞாயிறு அவர் பெயரும் சொல்லவில்லை, நாளும் சொல்லவில்லை. “இங்கன பேசுனது இங்கனயே இருக்கும்னு சொன்னீகளே. எம் பொழப்பு போச்சு. எவம்லே சொன்னது?”

என் பென்சில் நின்றுவிட்டது. அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு எழுந்தார்.

“நாந்தாண்ணே. புதன்கெழம குடிச்சுட்டேன். அந்தப் போதையில கொளுந்தியாகிட்ட ஒளறிட்டேன்.”

டிரைவர் அவரை அடிக்க வந்தார். நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். கூட்டத்தை நடத்தியவர் மெதுவாகக் கேட்டார், “அப்ப இன்னைக்கு எத்தன நாளு?”

“நாலு” என்றார் அப்பா. என் கணக்கில் அது எழுபத்து நான்காம் நாள்.

திரும்பும் பஸ்ஸில் அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. வீட்டில் அம்மா கேட்டாள். கேட்டதை வெளியேதான் சொல்லக் கூடாது, அம்மா வெளியாள் இல்லையே. “அப்பா புதன்கிழமை குடிச்சாராம். நாலு நாள்தானாம்” என்றேன்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். “புள்ளையக் கூட அனுப்பியும் ஏமாத்திட்டீகளே. அம்புட்டும் நடிப்பா?”

அப்பா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். வாசலில் சித்தி நின்றிருந்தாள். வேன் கதையைச் சொன்னது யாரென்று அவளுக்குத் தெரியும். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அன்று நிஜமாகவே குடித்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு நாளை எண்ணும் வேலை எனக்கு இருக்கவில்லை.

என் மகளுக்கு இப்போது நான்கு வயது. கேட்டதையெல்லாம் யாரிடமாவது ஒப்பிப்பாள். பயந்துபோய் அவளை அதட்டுகிறேன், உடனே அதட்டியது தவறோ என்று அணைத்துக்கொள்கிறேன். குழந்தைக்கு என்ன தெரியும் என்கிறார்கள் வீட்டில்.

எனக்கும் அன்று புரியவில்லை என்றுதான் எழுத நினைத்தேன். ஆனால் அந்தப் புதன்கிழமை சாயங்காலம் முழுவதும் அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டுகளுக்குப் புது அட்டை போட்டுக்கொண்டிருந்தார். பசை தொட்ட விரலை என் மூக்கில் தடவிச் சிரித்தார். அவரிடம் பசை வாசனை மட்டும்தான் இருந்தது. இருந்தும், அவர் குடித்தார் என்பதை நான் நம்பினேன். நம்பிவிட்டால், சொன்னது நானில்லை என்றாகிவிடும்.